வாடாமல்லிக் கோடு

ஸ்டோர் அக்காவின் குடைக்கு மூன்று வேலை. வெயிலுக்கும் மழைக்கும் விரிப்பது ஒன்று. மடக்கினால் அளவுகோல்; கம்பு நெடுக நகப்பூச்சால் அங்குலக் கோடு போட்டு வைத்திருந்தாள். மூன்றாவது, பென்னலூர் முனையில் அவள் ஸ்கூட்டியைத் துரத்தும் செவலை நாய்க்கானது. மூன்றையும் அந்தக் குடை ஒரே நாளில் செய்து நான் பார்த்திருக்கிறேன். செய்யாத நாளில், குடைக்குச் சம்பளத்தோடு லீவு கொடுத்துவிட்டோமே என்று அவள் மனசுக்குள் வருத்தப்பட்டிருப்பாள்.

கார்களுக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் அவள் ஸ்டோர் பொறுப்பாளர். நான் அதே கம்பெனியின் பெண்கள் விடுதியில் வார்டன். சுங்குவார்சத்திரத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தால் பத்து நிமிஷத்தில் விடுதி வந்துவிடும். அவள் என்னைவிட எட்டு மாதம் சின்னவள் என்பதை ஒருநாள் ஆதார் நகலைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். தெரிந்த பிறகும் அக்கா என்பதை மாற்ற வாய் வரவில்லை. அவளும் என்னை "இன்னாம்மா வார்டன்" என்று கூப்பிடுவதை நிறுத்தவில்லை.

ஒரு பொருள் ஒரே ஒரு வேலையை மட்டும் செய்துகொண்டு நிற்பதை அவளால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. "ஒரு வேலைக்கு ஒரு சாமான்னா, சாமான் வெக்கவே ஊரு பத்தாது" என்பாள். இருபது வருஷம் ரேக்குகளுக்கு நடுவே வாழ்ந்தவள். ஹெல்மெட்டைக் கழற்றினால் அதில் கத்தரிக்காய் வாங்குவாள். டிபன் பாக்ஸ் மூடி தட்டாகும், டீ ஆற்றும் கிண்ணமாகும், வெயில் நேரத்தில் விசிறியுமாகும். கிருத்திகைக்குக் கிருத்திகை குன்றத்தூர் மலைக்குப் போவாள். ஏறும்போது வேண்டுதலா, உடற்பயிற்சியா என்று ஒருமுறை கேட்டேன். ஒரு படி முருகனுக்கு, ஒரு படி சர்க்கரைக்கு என்று பிரித்து ஏறுவதாகச் சொன்னாள். முருகன் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்கிறவர் இல்லை என்றும் சேர்த்துக்கொண்டாள்.

மனுஷர்களையும் அவள் விட்டுவைக்கவில்லை. டீ குடிக்கப் போகிறவன் கையில் ஒரு டெலிவரி ரசீது இருக்கும். வம்பு பேச அவள் மேஜைக்குப் போனால், வாய் பேசிக்கொண்டிருக்கும்போதே கையில் ஒரு பெட்டி வாஷரைக் கொட்டி எண்ணச் சொல்லிவிடுவாள். நான் எத்தனை ஆயிரம் வாஷர் எண்ணியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அதற்காக அவள் மேஜைக்குப் போவதை நான் நிறுத்தியதுமில்லை.

விடுதிக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் கிடந்தது. ஒரு பக்கம் காம்பவுண்டு சுவர், மறுபக்கம் மழைநீர்க் கால்வாய். அகலம் முப்பத்தைந்து அடி, நீளம் நூறடி. ரயில் பெட்டி மாதிரி நீண்டு கிடக்கும் அந்த இடத்தில் சீமைக்கருவேலமும் பிளாஸ்டிக் கவருமே விளைந்தன. எங்கள் பிள்ளைகள் சிவகங்கை, ராமநாதபுரம், விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். பள்ளிக்கூடத்தில் ஓடியவர்கள், தாண்டியவர்கள், கபடியில் அண்டா ஜெயித்தவர்கள். இங்கே எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் நின்றுவிட்டு வந்து, மிச்ச நேரம் கட்டிலில் படுத்து செல்போனைப் பார்த்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் கபடி ஆடி, கீழ் அறையின் மின்விசிறியே ஆட, நான் ஏறிப் போய்க் கத்திவிட்டு வந்தேன். கத்திய பிறகு எனக்கே சோறு இறங்கவில்லை.

அந்தத் துண்டு நிலத்தில் ஒரு விளையாட்டுக்கூடம் கட்டலாம் என்று முதலில் கம்பெனியே சொன்னது. சென்னையிலிருந்து ஒரு நிறுவனம் கணினியில் வரைந்து அனுப்பிய படத்தில் கேலரி இருந்தது, கண்ணாடிக் கூரை இருந்தது, நம் ஊரில் பார்க்கவே முடியாத நிறத்தில் புல் இருந்தது. அதைக் கட்ட எங்கள் நிலத்தைப்போல நான்கு நிலம் வேண்டும்; அது மட்டும் இல்லை. நிர்வாக மேலாளர் அந்த ஃபைலை மூடிவிட்டு, அங்கே வேன் நிறுத்துமிடம் போடலாம் என்றார். ஸ்டோர் அக்கா அவர் அறைக்குப் போய் என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. மூன்று மாதம் தவணை வாங்கிக்கொண்டு வந்தாள். கம்பெனியில் கழித்துப்போட்ட பொருளை வைத்தே செய்ய வேண்டும். மேலாளர் வந்து பார்ப்பார். பிடித்திருந்தால், இடம் பிள்ளைகளுக்கு என்று எழுத்தில் உத்தரவு. பிடிக்காவிட்டால் வேன்களுக்கு.

சரக்கு இருப்பு எழுதும் அட்டையின் பின்பக்கம்தான் வரைபடம். ஒரே தரையில் கபடி, வாலிபால், ஷட்டில் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக. மிச்ச இடத்தில் கூரை போட்ட ஒரு மூலை. வரைந்த கையோடு காலி அட்டைப்பெட்டிகளை நிலத்தில் அடுக்கி, இது சுவர், இது பெஞ்சு, இது தொட்டி என்று வைத்துப் பார்த்தாள். வலை கட்ட ஆள் இல்லை. என்னை நடுவில் நிற்கவைத்து இரண்டு கையையும் விரிக்கச் சொன்னாள்.

"நீதான் நெட்டு. ஆடாம நில்லு."

ஒரு மணி நேரம் நெட்டாக நின்றேன். போகிற வருகிற பிள்ளைகள் சிரித்தார்கள். நின்றதுதான் நின்றேன், அப்படியே வெங்காயத்தை உரித்துக் கொடு என்று சொல்லாமல் விட்டாளே என்று இருந்தது.

ஆனால் அவள் செய்ததை நான் பாராட்டித்தான் ஆக வேண்டும். மெஷின்கள் வந்திறங்கும் பைன் மரப்பெட்டிகள் பெஞ்சாயின. பெஞ்சின் மூடியைத் தூக்கினால் உள்ளே பந்து, பேட். கூரைத் தகடு ஒரு பக்கம் சாய்ந்து மழைத்தண்ணீரைத் தொட்டியில் விட்டது. குளியலறைத் தண்ணீர் ஜல்லி வழியாகக் கல்வாழைப் பாத்திக்கு ஓடித் தெளிந்து, தரை கழுவ வந்தது. வாலிபால் கம்பங்கள் பகலில் துணி காயும் கொடி. மாலையில் கொடிக்கயிற்றை இறக்கிவிட்டு வலையை ஏற்ற ஒரு கப்பி வைத்தாள். தண்ணீர்த் தொட்டியின் சுவரில் கரும்பலகைப் பூச்சு அடித்ததும் அது ஸ்கோர் போர்டு ஆயிற்று. தரைக்கு அவள் கொண்டுவந்ததுதான் எல்லாவற்றையும்விடக் கெட்டிக்காரத்தனம். உற்பத்தி லைனில் நிற்கிறவர்களுக்குக் கால் வலிக்கக் கூடாதென்று காலடியில் ரப்பர் பாய் போட்டிருப்பார்கள். தேய்ந்துபோனால் கழித்துவிடுவார்கள். அந்தப் பாய்களையெல்லாம் சோப்புப்போட்டுக் கழுவி, வெட்டி, ஒட்டி, விழுந்தால் முட்டி பேராத ஒரு மைதானத்தை விரித்துவிட்டாள்.

எனக்கும் இரண்டாவது வேலை வந்தது. சாப்பாட்டு நேரத்துக்கு ஊத என்னிடம் ஒரு விசில் உண்டு. அதே விசிலால் அம்பயராகவும் இருந்துவிடு என்றாள். முதல் நாள் ஒரு ஃபவுலுக்கு ஊதினேன். மாடியிலிருந்து நாற்பது பேர் தட்டோடு இறங்கி வந்துவிட்டார்கள்.

கோடுகள் போடுவதுதான் பாக்கி. ஸ்டோரில் தரைக்குப் பூசும் பெயிண்ட் அரை டப்பா, கால் டப்பாவாக மிஞ்சிக் கிடந்தது. கபடிக்கு மஞ்சள், வாலிபாலுக்குப் பச்சை, ஷட்டிலுக்கு நீலம். பதிலாட்டக்காரர்கள் உட்கார ஓரத்தில் ஒரு கட்டம் சிவப்பில். காய்ந்ததும் தள்ளி நின்று குடையை ஊன்றிக்கொண்டு பார்த்தாள். பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. மேலாளர் வரும் நாளுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. ஒத்திகை பார்க்க நேரமில்லை, எல்லோருக்கும் ஓவர்டைம் வேலை.

அந்த நாளும் வந்தது. மேலாளர் பைன் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தார். முதல் கோளாறு சிவப்புக் கட்டத்தில். பதிலாட்டக்காரர்கள் ஐந்து பேர் அதன் அருகே நின்றார்களே தவிர உட்காரவில்லை. ஏன் என்று கேட்டேன். தொழிற்சாலையில் சிவப்புக் கட்டம் என்றால் தேறாத சரக்கைப் போட்டுவைக்கும் இடம்.

"நாங்க என்ன ரிஜெக்டா, மேடம்?" என்றாள் ஒருத்தி.

அடுத்து கபடி. சிவகங்கைப் பக்கத்துப் பிள்ளை செல்வராணி பாடிப் போனாள். எங்கள் விடுதியின் புலி அவள். எதிராளிகள்மேலேயே கண் இருந்ததில் போகும்போது கோட்டைப் பார்க்காமலே தாண்டி, இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். நடுக்கோட்டைத் தாண்ட ஒரே எட்டு பாக்கி. அங்கே நின்றாள்.

தொழிற்சாலைக்குள் மஞ்சள் கோடு என்றால் வண்டி வரும் பாதை. தாண்டுவதற்கு முன் நின்று, வலது பக்கம் விரல் நீட்டி, இடது பக்கம் நீட்டி, நேரே நீட்டி, வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் கால் வைக்க வேண்டும். முதல் நாள் பயிற்சியிலேயே இதைப் பழக்கிவிடுவார்கள். செல்வராணி விரலை நீட்டினாள். "ரைட் ஓகே, லெப்ட் ஓகே" என்றாள். கபடிப் பாட்டு அங்கேயே அறுந்தது. ஏழு பேரும் வந்து அவளை அமுக்கினார்கள். நான் விசில் ஊதினேன். கூட்டம் சிரித்துப் புரண்டது.

மேலாளர் மட்டும் எழுந்து நின்று கைதட்டினார். அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பை நான் அதற்கு முன் கண்டதில்லை. விளையாடும்போதுகூட பாதுகாப்பை மறக்காத பிள்ளைகள் என்று போன் எடுத்துப் படம் பிடித்தார். அடுத்த மாதம் வெளிநாட்டு விருந்தினர்கள் வருகிறார்கள், அவர்கள் முன்னால் இதே மாதிரி நின்று காட்ட வேண்டும், அன்றைக்கே உத்தரவில் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன் என்றார்.

நான் கேசரி கிண்டச் சொல்லி சமையற்கட்டுக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது செல்வராணி தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். ஸ்டோர் அக்கா அவள் முன்னால் குந்தியிருந்தாள்.

"மஞ்சளப் பாத்தா காலு தன்னால நின்னுருதுக்கா," என்றாள் செல்வராணி. "ஊருல நான் எதுக்கும் நின்னதில்ல."

அக்காவிடம் கேசரித் தட்டை நீட்டினேன், வாங்கவில்லை. சர்க்கரைக்குப் பயந்து அல்ல. சர்க்கரை இருந்தும் என் கேசரியை அவள் விட்டதில்லை.

"தப்பு உம்மேல இல்லம்மா," என்றாள் கடைசியில். "ஒரு கோட்டுக்கு ரெண்டு வேலை குடுத்தவ நாந்தான்."

அந்த ஞாயிறு காலையில் மஞ்சளை அழிக்கப்போகிறேன் என்று வந்து நின்றாள். அந்த மஞ்சளுக்காகத்தானே மேலாளர் மயங்கினார், அதை அழித்தால் இடம் வேனுக்குப் போய்விடும், பிள்ளைகள் மறுபடி கட்டிலுக்குப் போவார்கள் என்று சண்டையே போட்டேன். இங்கேயும் வந்து லைனில் நிற்கிறமாதிரி நிற்பதென்றால் அதற்குக் கட்டிலே தேவலை என்றாள். அவள் குரல் உயரவில்லை. அதனால் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

எந்த நிறம் போடுவது என்பது அடுத்த சிக்கல். மஞ்சளுக்கு அர்த்தம் உண்டு, சிவப்புக்கு உண்டு. பச்சை தேறிய சரக்கு, நீலம் வந்திறங்கிய சரக்கு, வெள்ளை மெஷின் நிற்கும் எல்லை, ஆரஞ்சு அபாயம். வண்ணப் பட்டியலை அச்சடித்துச் சுவர் சுவராக ஒட்டியவளே அவள்தான். ஒன்றும் மிச்சமில்லை. பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து யோசித்தார்கள். கொடியில் காய்ந்துகொண்டிருந்த ஒரு துப்பட்டாவை அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். வாடாமல்லி நிறம். அதற்கு எந்தக் கம்பெனியும் இதுவரை அர்த்தம் வைக்கவில்லை.

சுங்குவார்சத்திரத்துப் பெயிண்ட் கடைக்காரர் துப்பட்டாவை விரித்துப் பார்த்துவிட்டு, கோயிலுக்கா என்று கேட்டாராம். ஒரு விதத்தில் ஆமாம் என்று சொல்லி வாங்கி வந்தாள். அன்று மாலைக்குள் பழைய நிறமெல்லாம் அழிந்து, எல்லா ஆட்டத்துக்கும் ஓரக் கட்டத்துக்கும் வாடாமல்லிக் கோடுதான். கபடிக்கு ஒற்றைக் கோடு, வாலிபாலுக்கு இரட்டை, ஷட்டிலுக்குப் புள்ளி. செல்வராணி முதலில் நடுக்கோட்டருகே தயங்கினாள். இரண்டாம் முறை லேசாகத் தயங்கினாள். ஒரு வாரத்தில் காற்றாகப் போய்க் காற்றாகத் திரும்பினாள். வேலை விட்டு வந்ததும் குளிக்கக்கூடப் போகாமல் பாய்க்கு ஓடி வந்தார்கள். என் விடுதியில் அவ்வளவு சத்தத்தை நான் அதற்குமுன் கேட்டதில்லை. கத்தவும் தோன்றவில்லை.

விருந்தினர்கள் வியாழக்கிழமை வருவதாகச் செய்தி வந்தது. எனக்குத் தூக்கம் போயிற்று. அக்கா புதன்கிழமை சாயங்காலம் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். ஹெல்மெட்டுக்குள் நான்கு சுருள் மஞ்சள் டேப், ஓரக் கட்டத்துக்கு ஒரு சுருள் சிவப்பு. தொழிற்சாலைத் தரையில் ஒட்டுகிற அதே டேப். வாடாமல்லிக் கோட்டின் மேலேயே அதைப் பிசகாமல் ஒட்டினாள். பிள்ளைகளைக் கூப்பிட்டு, நாளைக்கு ஒரே ஒரு ஆட்டம் பழையபடி நின்று காட்டுங்கள், அவர்கள் வண்டி கேட்டைத் தாண்டியதும் பிய்த்துவிடலாம் என்றாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ஒத்திகை ஆரம்பித்தது. செல்வராணி பாடிப் போனாள், தொட்டாள், திரும்பினாள், மஞ்சள் டேப்பின்மேல் ஒரே தாண்டாகத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டாள்.

"நிக்கணும்டி," என்றேன்.

"மறந்துட்டேன் மேடம்."

இன்னொரு முறை. மறுபடி தாண்டிவிட்டாள். வேறொருத்தியை அனுப்பினோம், அவளும் நிற்கவில்லை. தொழிற்சாலைக்குள் ஒழுங்காக நிற்கிற கால்கள் இந்தப் பாயில் நிற்கமாட்டேன் என்றன. மூன்று வாரத்துக்கு முன் நின்றதற்காக அழுதவள், இப்போது நிற்க வரவில்லையே என்று கையைப் பிசைந்தாள். ஸ்டோர் அக்கா பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். சிரிக்கிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. போகப்போகும் இடத்தை நினைத்து நான் தலையில் கை வைத்திருக்க, இவளுக்குச் சிரிப்பு.

வியாழக்கிழமை மேலாளர் கோட்டு போட்டுக்கொண்டு வந்தார். கூடவே ஐந்து விருந்தினர்கள். உத்தரவுத் தாள் அவர் கையில் இருந்த ஃபைலில் இருந்தது. எட்டிப் பார்த்தேன், கையெழுத்து இடம் காலி. என் வாயிலிருந்த விசில் பல்லில் தட்டி ஆடியது. செல்வராணி பாடிப் போனாள். இரண்டு பேரைத் தொட்டாள். திரும்பினாள். டேப்புக்கு இரண்டடி. ஓரடி. தாண்டிவிடுவாள் என்றே நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

சத்தமில்லை. கண்ணைத் திறந்தேன். மேடை நாடகத்து ராணி மாதிரி கால்களைச் சேர்த்து நின்றுகொண்டிருந்தாள். வலது கையைத் தோளிலிருந்து நிதானமாக நீட்டி, "ரைட்டூ ஓகே" என்று இழுத்தாள். பிறகு இடது. பிறகு நேரே. பிடிக்க வேண்டிய ஏழு பேரும் அவள் சொல்லி முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தார்கள். முடித்ததும் அவளே திரும்பி ஒரு தலையசைப்பு கொடுத்தாள். அதற்குப் பிறகு அமுக்கினார்கள். விருந்தினர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். சிவப்பு டேப் கட்டத்துக்குள் பதிலாட்டக்காரர்கள் ஐந்து பேரும் சம்மணமிட்டு, சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மேலாளர் பெஞ்சின் மேலேயே ஃபைலை வைத்துக் கையெழுத்துப் போட்டார். தாளை ஸ்டோர் அக்காவிடம் கொடுத்தார். இடம் விளையாட்டுக்கென்று நிரந்தரமாக ஒதுக்கப்பட்டிருக்கிறது என்ற வரியை அவள் விரல் வைத்து இரண்டு முறை படித்தாள்.

வண்டிகள் கேட்டைத் தாண்டியதை வாட்ச்மேன் கை காட்டினார். முப்பது கைகள் டேப்பின்மேல் விழுந்தன. பிய்க்கிற சத்தத்திலேயே பாதிப் பேர் கூத்தாடினார்கள். செல்வராணி நேராகப் போய் அக்காவின் கையைப் பிடித்து இழுத்தாள். வேலை கிடக்கிறது, சரக்கு வண்டி வந்து நிற்கும் என்றாள் அக்கா. யாரும் காதில் வாங்கவில்லை. எனக்குத் தெரிந்து அதுவரை அவள் அந்தப் பாயை அளந்திருக்கிறாள், கழுவியிருக்கிறாள், கோடு போட்டிருக்கிறாள். ஆடியதில்லை. பள்ளிக்கூடத்திலும் புள்ளி எழுதத்தான் நிற்கவைப்பார்களாம்.

கண்ணாடியையும் உத்தரவையும் என்னிடம் கொடுத்தாள். புடவையைத் தூக்கிச் செருகினாள். வாடாமல்லிக் கோட்டைத் தாண்டி "கபடி கபடி" என்று போனாள். நான்காவது கபடிக்கே மூச்சு இரைத்தது. இருந்தும் ஒருத்தியைத் தொட்டுவிட்டாள். திரும்புவதற்குள் ஐந்து பேர் அவள் காலையும் இடுப்பையும் பிடித்துச் சாய்த்தார்கள். அக்காவாயிற்றே என்று ஒருத்தியும் விட்டுக்கொடுக்கவில்லை. நான் ஊதினேன், அவுட்.

எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அவள் எழவில்லை. பாயில் மல்லாந்து கிடந்தாள். சர்க்கரை இறங்கிவிட்டதோ, இடுப்புப் பிடித்துக்கொண்டதோ என்று ஓடிப்போய்க் குனிந்து, எங்கே வலிக்கிறது, ஏதாவது எடுத்து வரட்டுமா என்று கேட்டேன்.

கண்ணைத் திறக்காமலே கையை மட்டும் அசைத்தாள்.

"கொஞ்சம் சும்மா இரும்மா வார்டன். இப்போ நான் ஒரு வேலையும் பாக்கல."